எல்டர்பெர்ரி சிரப்: கடிகாரத்தை விட்டுத் தராசுக்கு வந்தேன்

எல்டர்பெர்ரி, அதாவது எல்டர் என்ற செடியின் கருஊதாப் பழம், அதில் செய்யும் சிரப்பின் செய்முறை எதை எடுத்தாலும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "45 நிமிடம் மிதமான தீயில் கொதிக்க விடவும்." அதே அளவு பழம், அதே அளவு தண்ணீர், அதே அடுப்பு. வாய் அகன்ற பாத்திரத்தில் வைத்தால் 45 நிமிடத்தில் பாதிக்கு மேல் வற்றிவிடுகிறது. உயரமான, வாய் குறுகிய பாத்திரத்தில் வைத்தால் முக்கால்வாசித் தண்ணீர் அப்படியே நிற்கிறது. முதலாவதில் நாக்கில் ஒட்டும் கெட்டியான சாறு, இரண்டாவதில் நிறம் போட்ட தண்ணீர். இந்த இரண்டையும் அடுத்தடுத்து ருசி பார்த்த பிறகுதான் கடிகாரத்தை விட்டுவிட்டு சமையலறைத் தராசை அடுப்புப் பக்கம் கொண்டுவந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரே தரத்தில் வருகிறது. அந்த அனுபவத்தைத்தான் எழுதி வைக்கிறேன்.

நான் பெரும்பாலும் பயன்படுத்துவது உலர்ந்த பழம். சாம்புகஸ் நைக்ரா என்ற ஐரோப்பிய வகை. பாக்கெட்டைப் பிரித்ததும் கொஞ்சம் மண்வாசனை, கொஞ்சம் பழைய திராட்சை ரச வாசனை அடிக்கும். கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம், அதன் இயல்பே அதுதான். ஒரு தட்டில் பரப்பிக் காம்புத் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். இது சலிப்பான வேலை என்று பலர் தாண்டிப் போகிறார்கள். நான் தாண்டுவதில்லை, காரணம் இருக்கிறது.

எல்டர் செடியின் இலை, தண்டு, மரப்பட்டை, பழுக்காத காய், விதை எல்லாவற்றிலும் சாம்புநிக்ரின் என்ற பொருள் இருக்கிறது. அது உடைந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்ற நஞ்சு வெளிவரும். 1983 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மான்டரே பகுதியில் ஒரு கூட்டத்தில், பழத்தை இலையோடும் கிளையோடும் சேர்த்து நசுக்கிப் பிழிந்த பச்சைச் சாற்றைப் பரிமாறினார்கள். குடித்த சிறிது நேரத்திலேயே பலருக்குக் குமட்டலும் வாந்தியும் வந்து, எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. எல்லோரும் தேறிவிட்டார்கள் என்பது ஆறுதல். அந்தச் சம்பவத்தைப் படித்த பிறகு காம்பு பொறுக்குவது எனக்குச் சலிப்பாகவே தெரிவதில்லை. பழத்தை மிக்சியில் அடிப்பதும் கிடையாது, விதை உடையக்கூடாது.

நன்றாகக் கொதிக்க வைப்பதுதான் பாதுகாப்பு. ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே ஆவியாகிவிடும் பொருள். அதனால் மூடி போடாமல், ஜன்னலைத் திறந்து வைத்துக் காய்ச்சுகிறேன். தண்ணீர் வற்ற வேண்டும் என்பதற்கும் அதுவே தோது.

இனி அளவு. 100 கிராம் உலர்ந்த பழம், 1 லிட்டர் தண்ணீர், ஒரு துண்டுப் பட்டை, நாலைந்து கிராம்பு, விரல் நீளத்துக்குத் தட்டிய இஞ்சி. முதலில் காலிப் பாத்திரத்தை எடை போட்டு ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்வேன். இதை மறந்தால் பிறகு எதையும் கணக்கிட முடியாது. பழத்தையும் தண்ணீரையும் போட்டு அரை மணி நேரம் ஊற விட்டு, அப்புறம் அடுப்பில் ஏற்றுவேன். எவர்சில்வர் பாத்திரம்தான் சரி. அலுமினியமும் இரும்பும் இந்தச் சாற்றோடு வினைபுரிந்து நிறத்தையும் ருசியையும் கெடுத்துவிடும்.

கொதி வந்ததும் ஊதா நுரை பொங்கும். அதைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, சின்னச் சின்னக் குமிழி மட்டும் வரும் அளவுக்குத் தீயைக் குறைப்பேன். அரை மணி நேரம் வரை கவலையே இல்லை. அதன் பிறகு அவ்வப்போது பாத்திரத்தைத் தூக்கித் தராசில் வைத்துப் பார்ப்பேன். சூடான பாத்திரம் தராசின் கண்ணாடிக்கு ஆகாது என்பதால் நடுவில் ஒரு மரப்பலகை. அதன் எடையையும் முதலிலேயே கழித்துக்கொள்ள வேண்டும். பாத்திரமும் பலகையும் போக உள்ளே இருப்பது 700 கிராம் என்று வந்தவுடன் அடுப்பை அணைத்துவிடுவேன். வடித்துப் பிழிந்தால் ஏறக்குறைய 500 கிராம் சாறு கிடைக்கும், மிச்சம் ஈரச் சக்கையில் நின்றுவிடும். இன்னும் அடர்த்தியாக வேண்டுமென்றால் 600-இல் நிறுத்தலாம். அதற்கும் கீழே போனால் அடிப்பிடிக்கிறது, ஒரு கசப்பும் ஏறுகிறது. கிராம்பின் காரமும் அந்தக் கட்டத்தில் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது.

வடிகட்டுவதற்கு மெல்லிய மல்துணி போதும். கொஞ்சம் ஆறியதும் துணியை முறுக்கிப் பிழிகிறேன். கையுறை போடாவிட்டால் விரல் முழுக்க ஊதா. துணியில் ஒரு சொட்டு விழுந்தாலும் கறை போகாது, பழைய சட்டையோடு நிற்பது நல்லது. பாத்திரத்தின் விளிம்பில் பச்சை நிறத்தில் ஒரு பிசின் ஒட்டிக்கொள்வதும் உண்டு, புதுப் பழத்தில் இன்னும் அதிகம். சோப்புக்கு அது அசையாது. கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, அதன் பிறகு சோப்புப் போட்டால் போய்விடும்.

கழுவும்போது ஒன்றைக் கவனித்து ரொம்ப நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். சோப்புத் தண்ணீர் பட்ட இடத்தில் ஊதாச் சாறு நீலமாக மாறியது. அதே சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்று சிவப்பு. இதில் உள்ள ஆந்தோசயனின் நிறமிகள் புளிப்புக்கும் காரத்தன்மைக்கும் ஏற்ப நிறம் மாறுபவை. அவற்றில் ஒன்றான சயனிடின் சாம்புபயோசைடு, இந்தச் செடியின் தாவரவியல் பெயரையே தன் பெயரில் வைத்திருக்கிறது. இப்போதெல்லாம் 500 கிராம் சாற்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்கிறேன். நிறம் அழகாகிறது, தட்டையாக இருந்த ருசிக்கு ஒரு துடிப்பு வருகிறது.

இனிப்புக்குத் தேனா சர்க்கரையா என்பதில் இரண்டையும் செய்து பார்த்தேன். தேன் என்றால் சாறு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு 300 கிராம் கலக்கிறேன். மணம் அருமை, சந்தேகமே இல்லை. ஆனால் கணக்குப் போட்டால் மொத்தத்தில் சர்க்கரைச்சத்து மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் நிற்கிறது. தேன் தனியாக இருக்கும்போது கெடாது, தண்ணீர் சேர்ந்துவிட்டால் புளிக்கத் தொடங்கிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்த பாட்டிலை இரண்டு மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுகிறேன். மூடியைத் திறக்கும்போது காற்று பிய்த்துக்கொண்டு வந்தாலோ, ஒயின் வாசனை அடித்தாலோ கொட்டிவிட வேண்டும். இன்னொன்று: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அந்தக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும்.

சர்க்கரை சேர்க்கும்போது சாற்றை மறுபடி சூடாக்கிக் கரைக்கிறேன். சம எடை போட்டால் பாதிக்குக் கொஞ்சம் மேல் சர்க்கரை, ஊற்றுவதற்கு வாகான பதம். முறையான சிரப்பின் 65 சதவீதத்தைத் தொட வேண்டுமானால் 500 கிராம் சாற்றுக்கு 800 முதல் 900 கிராம் வரை சர்க்கரை தேவைப்படும். அவ்வளவு போட்டுப் பார்த்ததில் பழத்தின் ருசியே பின்னுக்குப் போய்விட்டது. எனக்குச் சம எடைதான் பிடித்திருக்கிறது.

சீல் வைத்து வெளியே அலமாரியில் அடுக்கும் ஆசையை மட்டும் விட்டுவிட்டேன். பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் வைத்துப் பதப்படுத்தும் முறைக்கு உணவின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தாக வேண்டும். எல்டர்பெர்ரி புளிப்பாகத் தெரிந்தாலும் அதன் பி.எச். பல சமயம் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. எலுமிச்சையைக் கண் அளவில் பிழிந்துவிட்டு அதை நம்பி அலமாரியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைத்துப் பைக்கு மாற்றிவிடுகிறேன். வேண்டும்போது ஒரு கட்டியை வெந்நீரில் போட்டால் வேலை முடிந்தது. மாதக்கணக்கில் நிறம் மங்காமல் இருக்கிறது.

கொத்தாகப் புதுப் பழம் கிடைத்தபோது செய்ததையும் சொல்ல வேண்டும். கொத்தோடு ஃப்ரீசரில் போட்டு, கல் மாதிரி ஆனதும் ஒரு பெரிய பாத்திரத்துக்குள் உதறினால் பழம் தானாக உதிர்கிறது. முள்கரண்டியால் ஒவ்வொன்றாகச் சீவுவதைவிட இது எவ்வளவோ மேல். பிறகு தண்ணீரில் போட்டால் பச்சைக் காயும் குப்பையும் மிதக்கும், அள்ளி எறிந்துவிடலாம். புதுப் பழத்தில் நீர் நிறைய இருப்பதால் 1 கிலோ பழத்துக்கு 250 மில்லி தண்ணீரே போதும். மணத்தில் உலர்ந்த பழம் இதன் பக்கத்தில்கூட வராது.

செடியைத் தேடித் தாங்களே பறிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போக்வீட் என்ற நச்சுச் செடியின் பழமும் கருஊதாதான். ஆனால் அது நீளமான ஒற்றைச் சரமாகத் தொங்கும், தண்டு ரோஸ் நிறம். எல்டர் பழம் குடை விரித்தாற்போலக் கிளைத்த கொத்தில் இருக்கும், தண்டு மரமாக முற்றியிருக்கும். சிவப்புப் பழ எல்டர் வகையை நான் தொடுவதே இல்லை.

சளிக்கு இது மருந்தா என்று கேட்கிறார்கள். 2004-இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், ஃப்ளூ வந்த 60 பேரில் எல்டர்பெர்ரி சிரப் எடுத்தவர்களுக்குச் சராசரியாக நான்கு நாள் முன்னதாகத் தொந்தரவு தணிந்தது. 2020-இல் அமெரிக்காவில் க்ளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் வெளியிட்டதில் 87 பேரைப் பார்த்தார்கள், பலன் எதுவும் தெரியவில்லை. தொண்டைக்கு இதமாக இருக்கிறது, குடிக்கப் பிடித்திருக்கிறது என்பதற்காக நான் செய்கிறேன். காய்ச்சல் என்றால் மருத்துவரிடம்தான் போவேன்.

இப்போது முயன்று கொண்டிருப்பது இரண்டாம் காய்ச்சல். பிழிந்த சக்கையை உடனே 400 மில்லி தண்ணீரில் போட்டு மறுபடி கொதிக்க வைத்து, வடித்த அந்த மெல்லிய சாற்றை அடுத்த தடவைக்கு என்று உறைய வைக்கிறேன். அடுத்த தடவை பழத்தை ஊறப்போடும்போது 1 லிட்டரில் அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைத்து இதை ஊற்றுகிறேன். நிறுத்தும் எடை அதே 700 கிராம்தான். நிறத்தில் வித்தியாசம் தெரிகிறது. ருசியில் துவர்ப்பு கொஞ்சம் கூடுகிறது, அதனால் சக்கையை இரண்டாவது முறை அவ்வளவு அழுத்திப் பிழியாமல் தானாக வடிய விட்டுப் பார்க்கப் போகிறேன்.