பல்லும் பல்லும் தொடாமல்

ஜூன் 2, 2025 – திங்கள்

கடைவாய்ப்பல் கூசுகிறது என்று பல் மருத்துவரிடம் போனேன். சொத்தை ஏதும் இல்லை. கையில் கண்ணாடியைக் கொடுத்து, "இந்தப் பல்லோட மேல்பக்கத்தைப் பாருங்க, மழமழன்னு தேஞ்சிருக்கு. ராத்திரி பல்லைக் கடிக்கிறீங்களா?" என்றார். தூங்குகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? வீட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டேன்.

"அடுத்த ரூம் வரைக்கும் நறநறன்னு கேக்குதுடா, ரொம்ப நாளா."

"அப்ப ஏன் சொல்லலை?"

"நீ இருந்த இருப்புக்கு உங்கிட்ட யாரு சொல்றது?"

இரவில் பல்லுக்கு மாட்டிக்கொள்ள உறை ஒன்று செய்து தருகிறாராம். அதைவிட, போகிற போக்கில் அவர் சொன்ன ஒன்றுதான் மனதில் நின்றது. வாய் மூடியிருக்கும்போது உதடுகள் சேர்ந்திருக்கலாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொட்டால் போதும். "பகல்லயும் கவனிச்சுப் பாருங்க" என்றார்.

ஜூன் 3 – செவ்வாய்

கவனித்தேன். போன் அடிக்கும்போதெல்லாம் தாடை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதாக ஏற்பாடு. பார்த்தபோதெல்லாம் பூட்டித்தான் கிடந்தது.

மாலையில் 'அவசரம்' என்று தலைப்பிட்டு ஒரு மின்னஞ்சல். திறந்ததிலிருந்து கடைசி வரி வரை படித்து முடிக்கும்வரை மூச்சே விடவில்லை. தோள்கள் இரண்டும் காதுப்பக்கம் ஏறியிருந்தன. நாக்கு மேலண்ணத்தில் அழுந்தியிருந்தது. ஷூவுக்குள் கால்விரல்கள் சுருண்டிருந்தன. கால்விரலுக்கும் அந்த மின்னஞ்சலுக்கும் என்ன சம்பந்தம்? அந்த நேரத்தில் யாராவது "டென்ஷனா இருக்கியா?" என்று கேட்டிருந்தால், இல்லவே இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஜூன் 5 – வியாழன்

இரண்டு நாளாகக் கிடைத்த நேரத்தில் எல்லாம் இதைப் பற்றியே படிக்கிறேன்.

ஹார்வர்டில் வால்டர் கேனன் என்று ஓர் உடலியங்கியல் அறிஞர் இருந்தார். 1890களின் கடைசியில், புதிதாக வந்திருந்த எக்ஸ்ரேயை வைத்துப் பூனைகளின் வயிறு உணவை எப்படிப் பிசைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டாலோ சினந்தாலோ வயிற்றின் அசைவு அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சின்னத் தொந்தரவை அவர் விடாமல் பிடித்துக்கொண்டு போனதில் வந்ததுதான் 'எதிர்த்து நில், இல்லை ஓடு' என்ற விளக்கம். அதைப் பற்றிய அவருடைய நூல் 1915இல் வந்தது.

ஆபத்து என்று மூளை நினைத்த நொடியிலேயே நரம்புகள் முடுக்கிவிடப்படுகின்றன. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் வேகமெடுக்கிறது, கை கால்களின் பெரிய தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது. தோலுக்குப் போகும் குழாய்கள் சுருங்குகின்றன, அதனால் விரல் சில்லிடுகிறது. எச்சில் வற்றுகிறது. இரைப்பை வேலையை நிறுத்துகிறது, ஆனால் பெருங்குடல் அவசரப்படுகிறது. கூட்டத்தில் பேசப் போகும் முன் பாத்ரூம் தேடுவது இதனால்தான்!

கழுத்துவலிக்குத் தைலம், வயிற்றுக்கு மாத்திரை, சில்லிட்ட விரலுக்கு உள்ளங்கைத் தேய்ப்பு என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தேன். எல்லாம் ஒரே கணக்கு.

ஜூன் 6 – வெள்ளி

இடது கண்ணிமை காலையிலிருந்து துடிக்கிறது. தூக்கக் குறைவும் காபியும் இதற்குப் பொதுவான காரணங்களாம். காபியில் உள்ள காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக்குக் குடித்ததில் பாதி, இரவு 9 மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். சரி, மாலைக் காபி போச்சு.

ஜூன் 9 – திங்கள்

கூட்டத்துக்கு முன்னால் பக்கத்து சீட்டுக்காரர், "நல்லா மூச்சை இழுத்து இழுத்து விடுங்க, சரியாயிடும்" என்றார். இழுத்து இழுத்து விட்டதில் உதடும் விரல்நுனியும் மதமதத்து, தலை லேசாகச் சுற்றியது. எல்லோரும் சொல்லும் ஆலோசனைதான், ஆனால் பாதிதான் சொல்கிறார்கள். வேகமாகப் பெருமூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது. அதனால் மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்குகின்றன, விரல்கள் மதமதக்கின்றன. பயந்தவனுக்கு அது இன்னும் பயம்.

காரியம் வெளிமூச்சில் இருக்கிறது. மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் நெருங்கி வரும், மெதுவாக விடும்போது இடைவெளி விழும். நான் பத்து நிமிடம் இதையே வேடிக்கை பார்த்தேன். விடும்போது இதயத்தை மட்டுப்படுத்துவது வேகஸ் நரம்பு. மூளையின் அடியிலிருந்து கிளம்பி, கழுத்து வழியாக இதயம், நுரையீரல், குடல் வரை போகிறது. இதயத்தை நேராக நம் இஷ்டத்துக்கு ஓட்ட முடியாது. மூச்சை முடியும், அந்த வழியாக இதயத்தைத் தொட முடியும்.

4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுகிறேன். நிமிடத்துக்கு 6 மூச்சு வருகிறது. சும்மா இருக்கும்போது பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை ஓடும். வயிறு அசைய வேண்டும், தோள் ஏறக்கூடாது.

வேகஸைப் பற்றிப் படித்தபோது ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி வந்தார். ஒரு தவளையின் இதயத்தில் அந்த நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயத்தை நனைத்த திரவத்தை இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு வேதிப்பொருளைக் கொண்டு பேசுகிறது என்பதற்கு 1921இல் கிடைத்த சாட்சி அது. 1936இல் நோபல் பரிசு. அந்தச் சோதனையே கனவில் வந்ததாம். முதல் நாள் விழித்துக் குறித்து வைத்ததைக் காலையில் அவராலேயே படிக்க முடியவில்லை. மறுநாள் இரவு அதே கனவு திரும்ப வர, நேராக ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவிட்டார். எனக்கு வருகிற கனவெல்லாம் பல்லைத்தான் தேய்க்கிறது.

ஜூன் 11 – புதன்

இன்று ஒருவரோடு வாக்குவாதம். இரண்டு நிமிடத்தில் முடிந்து, அவரே வந்து சமாதானமும் பேசிவிட்டார். ஆனால் அரை மணி நேரம் கழித்தும் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அட்ரினலின் நொடியில் வரும், சீக்கிரம் போகும். பின்னாலேயே வரும் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் மெதுவானது. சம்பவம் தொடங்கி 20, 30 நிமிடம் கழித்துத்தான் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகிறது. தீ அணைந்தாலும் அடுப்பு சூடாகவே இருக்கும்.

அதனால் 'இவ்வளவு நேரமாகியும் ஏன் அடங்க மாட்டேங்கிற?' என்று என்னையே திட்டிக்கொள்வதை நிறுத்தினேன். அந்த அரை மணியில் யாருக்கும் பதில் மின்னஞ்சல் எழுதுவதில்லை என்று முடிவு. படிக்கட்டில் இரண்டு முறை ஏறி இறங்கினேன். ஓடத் தயாரான காலுக்குக் கொஞ்சம் ஓட்டத்தைக் கொடுத்தால் நாற்காலியில் அமுக்கி உட்கார வைப்பதைவிட விரைவாக அடங்குகிறது. எனக்கு அப்படி.

ஜூன் 14 – சனி

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவரின் பழைய முறை ஒன்று இருக்கிறது, 1920களில் வந்தது. ஒவ்வொரு தசையாக இறுக்கிப் பிடித்து, பிறகு விட்டுவிட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இறுக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் தளர்வு எது என்று பிடிபடுகிறது. தரையில் படுத்துக்கொண்டு முஷ்டியை மடக்கினேன், சில நொடி வைத்திருந்து விட்டேன். உள்ளங்கைக்குள் மெல்லச் சூடு பரவியது. அப்புறம் முன்கை, தோள், நெற்றி. தாடைக்கு வந்தபோது கவனமாக, லேசாகத்தான் கடித்தேன். விட்டதும் கீழ்த்தாடை தானாகத் தொங்கியது. நாக்கு நுனியை மேல்முன்பல்லுக்குப் பின்னால் சும்மா வைத்தால் பல் இரண்டும் விலகியே நிற்கிறது. கால் வரை போவதற்குள் தூங்கிவிட்டேன்.

ஜூன் 17 – செவ்வாய்

மதியம் எங்கள் பிரிவில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், சட்டையெல்லாம் வியர்வை. "டென்ஷன்தாங்க, விடுங்க" என்று அவரே சொன்னார். விடவில்லை, மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து, இரவு வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்களாம். மார்பில் அழுத்தம், கைக்கோ முதுகுக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்று வந்தால் வீட்டில் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்கக் கூடாது.

எல்லாவற்றையும் டென்ஷன் தலையில் கட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது. வயிற்றுப்புண்ணுக்குக் கவலைதான் காரணம் என்று ரொம்ப காலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதற்குப் பின்னால் ஒரு கிருமி இருக்கிறது என்றபோது யாரும் லேசில் ஏற்கவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல். அந்தக் கிருமியால் வந்த புண் என்றால், மனதைத் தேற்றுவதை விட்டுவிட்டு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால் ஆறும்.

ஜூன் 18 – புதன்

அவருக்கு இதயத்தில் கோளாறு இல்லையாம். நல்லது.

ஜூன் 20 – வெள்ளி

மூச்சு, தசை எல்லாம் சரி. ஆனால் நான்கு பேர் வேலை என் மேஜையில் இருக்கும்வரை தாடை திரும்பத் திரும்பப் பூட்டத்தான் செய்யும். அது பொய் சொல்லவில்லையே! மேலாளரிடம் போய், பேசும் முன் ஒரு நீளமான வெளிமூச்சு விட்டுவிட்டு, "எல்லாத்தையும் இந்த மாசம் முடிக்க முடியாது" என்றேன். அவர் கோபப்படவில்லை. "எதையெல்லாம் வேற ஆளுக்குக் கொடுக்கலாம்னு எழுதி அனுப்புங்க" என்றார்.

மூன்று வேலைகளை எழுதினேன். மூன்றாவது நானே ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டது, கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு முறை அழித்து, மறுபடி சேர்த்து, அனுப்பியும்விட்டேன்.