வெயிலுக்கு ஒரு கோழி நூடுல்ஸ் சாலட்

காரைக்குடி வெயிலில் மத்தியானம் விருந்து என்றால் சூடாக எதையும் பரிமாற மனசு வரவில்லை. வந்தது எட்டுப் பேர்தான். கோழி நூடுல்ஸ் சாலட் செய்து குளிரவைத்துக் கொடுத்தேன்.

அரைக் கிலோ எலும்பில்லாத நெஞ்சுக்கறியை உப்பு, மிளகு, தட்டிய இஞ்சி போட்டு வேகவைத்து, கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீரிலேயே விட்டேன். கறி வறளாது. அப்புறம் கையால் நார் நாராகப் பிய்த்துவிடுங்கள். கத்தியால் வெட்டிய துண்டில், பின்னால் ஊற்றும் சாஸ் கலவை அவ்வளவாக ஒட்டாது.

முக்கியம் நூடுல்ஸ்தான். குழைவதற்குள் இறக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும். வேகுவதும் நிற்கும், மேலே இருக்கும் மாவுப்பசையும் போகும். நன்றாக வடித்து, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிசிறினால் இழை இழையாக நிற்கும்.

அந்தக் கலவைக்கு எலுமிச்சைச் சாறு, சோயா சாஸ், துளி தேன், இடித்த மிளகு. குளிர்ந்த பண்டத்தில் சுவை மங்கித்தான் தெரியும், அதனால் புளிப்பும் காரமும் சற்றுத் தூக்கலாகவே இருக்கட்டும். வெள்ளரி, கேரட், மல்லித்தழை சேர்த்து, வறுத்த வேர்க்கடலையை மட்டும் பரிமாறும்போது தூவுங்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தபின் இந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கவே வேண்டாம். கோழிக்கறி அல்லவா.

“சில்லுன்னு கோழியா?” என்று யோசித்த பெரிய ஆச்சி, சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: “வரமிளகாயும் கருவேப்பிலையும் தாளிச்சுக் கொட்டு ஆத்தா, இன்னும் நல்லாருக்கும்.” கொட்டினேன். அருமையாக இருந்தது!