மூன்று ஒர்க்புக், ஒரே மாதம்

மார்ச் 3

மாத அறிக்கைக்கான மேக்ரோக்கள் (எக்செல்லின் வி.பி.ஏ. மொழியில் எழுதிய சிறு நிரல்கள்) வரவு, செலவு, தொகுப்பு என்று மூன்று எக்செல் ஒர்க்புக்குகளில் இருக்கின்றன. மூன்றுக்கும் பொதுவாகத் தெரிய வேண்டியது, எந்த மாதத்துக் கணக்கு என்பது. வரவில் அது பப்ளிக் வேரியபிளாக, அதாவது எல்லா மாட்யூலும் (நிரல் எழுதும் பக்கம்) பார்க்கக்கூடிய மதிப்புப் பெட்டியாக, இருக்கிறது. தொகுப்பில் அதே பெயரைக் கேட்டால் ‘வேரியபிள் நாட் டிஃபைண்ட்’ (அப்படியொரு வேரியபிள் இல்லை) என்று பிழை. இந்தத் திட்டு கிடைப்பதே நல்லது. வேரியபிளை அறிவித்த பிறகே பயன்படுத்தக் கட்டாயப்படுத்தும் ‘ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்’ வரி இல்லாத மாட்யூலில் அதே பெயரில் காலியான புது வேரியபிள் முளைத்து, மாதமே இல்லாத தலைப்போடு அறிக்கை அச்சாகிவிடும். வி.பி.ஏ.வைப் பொறுத்தவரை ஒவ்வொரு ஒர்க்புக்கும் தனி ப்ராஜெக்ட். பப்ளிக்கின் செல்வாக்கு அந்த வேலிக்குள்தான்.

மார்ச் 4

வி.பி.ஏ. எடிட்டரின் டூல்ஸ் மெனுவில், தொகுப்பிலிருந்து வரவுக்கு ரெஃபரன்ஸ் (இணைப்பு) கொடுத்துப் பார்த்தேன். எல்லா ப்ராஜெக்டுக்கும் ஆரம்பப் பெயர் ‘விபிஏப்ராஜெக்ட்’ என்பதால் முதலில் பெயரை மாற்ற வேண்டும். அதன்பின் வரவின் வேரியபிளைத் தொகுப்பிலிருந்தே படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். எழுதுவதற்கு இதுவே சுகம். ஆனால் தொகுப்பைத் திறந்தால் வரவும் கூடவே திறக்கிறது, தொகுப்பை மூடும்வரை வரவை மூட விடாது. மூன்று பேர் கைமாறும் ஃபைல்களுக்கு இந்தக் கட்டு ஒத்துவராது.

மார்ச் 6

வேறு ஒர்க்புக்கின் மேக்ரோவை ஓட்டும் அப்ளிகேஷன்.ரன் கட்டளை எனக்குப் பிடித்த வழி. அது வேரியபிளைத் தொடாது, ப்ரொசீஜரை (பெயரிட்ட நிரல் துண்டு) மட்டுமே கூப்பிடும். அதனால் வரவில் ‘மாதம்கொடு’ என்று, மாதத்தைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன் வைத்தேன். தொகுப்பில் ஒரே வரி:

மாதம் = அப்ளிகேஷன்.ரன்("'வரவு.எக்ஸ்எல்எஸ்எம்'!மாதம்கொடு")

ஃபைல் பெயரில் இடைவெளி இருந்தால் அந்த ஒற்றை மேற்கோள் கட்டாயம். பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் கம்பைல் செய்யும்போது தெரியாது, ஓடும்போதுதான் தெரியும். ஆனாலும் மதிப்புக்கு ஒரே சொந்தக்காரர், மற்றவர்கள் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். யார் எங்கே மாற்றினார்கள் என்று தேடி அலைய வேண்டியதில்லை.

மார்ச் 9

வரவு மேக்ரோவில் ஒரு பிழை வந்தது. பக்கத்து இருக்கை நண்பர் பிழைப் பெட்டியில் ‘எண்ட்’ அழுத்தினார். அவ்வளவுதான், மாதம் காலி. ‘எண்ட்’ என்ற கட்டளை, ரீசெட் பட்டன் இரண்டுமே இதைத்தான் செய்யும். பப்ளிக் வேரியபிள் நினைவில் மட்டும் வாழ்வது. நிலைக்க வேண்டியதை அதை நம்பி விடக்கூடாது.

இப்போது ‘மாதம்கொடு’ முதலில் வேரியபிளைப் பார்க்கும். காலி என்றால் ‘அமைப்பு’ என்ற ஷீட்டின் ஒரு செல்லிலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டு பதில் சொல்லும். மாற்றுவதற்கு ‘மாதம்வை’: முதலில் செல், பிறகு வேரியபிள். சேவ்செட்டிங் கட்டளை மூலம், விண்டோஸின் அமைப்புகள் கிடங்கான ரெஜிஸ்ட்ரியிலும் வைக்கலாம். ஆனால் அது அந்தந்தப் பயனரின் கணக்கோடு நின்றுவிடும், எல்லாம் எண்ணாக, தேதியாக இல்லாமல் எழுத்துச் சரமாகவே திரும்பி வரும். ஷீட்டில் இருந்தால் சந்தேகம் வரும்போது யாரும் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 11

இரண்டு ஃபங்ஷனையும் அமைப்பு ஷீட்டையும் எக்ஸ்எல்ஏஎம் ஆட்-இன்னுக்கு (எக்செல்லோடு சேர்ந்து திறக்கும் துணை ஃபைல்) மாற்றினேன். எக்செல் திறந்தாலே அது தயாராக இருக்கும், வரவு திறந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆட்-இன்னை மூடும்போது ‘சேமிக்கவா?’ என்று எக்செல் கேட்காது என்பதால் ‘மாதம்வை’யின் கடைசியில் அந்த ஃபைலையே சேமிக்கும் திஸ்ஒர்க்புக்.சேவ் கட்டளையைச் சேர்த்தேன்.

ஒரு எல்லை மட்டும் இருக்கிறது. இரண்டு எக்செல் தனித்தனி ப்ராசஸாக ஓடினால் ஒவ்வொன்றுக்கும் தன் நினைவு, தன் வேரியபிள். ஒன்றில் வைத்த மாதம் மற்றதற்குப் போகாது. எங்கள் வேலையில் மூன்று ஃபைலும் ஒரே எக்செல்லில்தான் திறக்கின்றன, அதனால் இதுவே போதும். செலவில் மிச்சமிருக்கும் பழைய பப்ளிக் வரிகளை நாளை எடுத்துவிடுவேன்.