நண்டு ரத்தமும் வாழைப்பொத்தியும்

யாழ்ப்பாணத்தில பாசையூரில வாங்கின உயிர் நண்டை உடைக்கேக்க வாற தண்ணியைக் கவனிச்சிருக்கிறீங்களோ, காத்துப் படப்பட லேசா நீலமாகும். அம்மா குசினியில நண்டு துப்புரவாக்கேக்க பக்கத்தில குந்தியிருந்து பாத்தது, அது ஏன் எண்டு விளங்க எனக்கு ஏ.எல், யாழ்ப்பாணத் திருநெல்வேலிக் கம்பஸ், பேந்து வெளிநாட்டில பிஎச்டி எல்லாம் வேண்டியிருந்தது.

எங்கட ரத்தத்தில ஒட்சிசனைக் காவுறது இரும்பு, நண்டில செப்பு, அந்தச் செப்பு இருக்கிற புரதத்துக்கு ஹீமோசயனின் எண்டு பேர். ரெண்டு செப்பு அணு சேந்து ஒரு ஒட்சிசன் மூலக்கூறைப் பிடிச்சு வைச்சிருக்கும். எப்பிடிப் பிடிக்குது எண்டதில கனகாலம் இழுபறி. 1989 இல ஜப்பானில கிட்டாஜிமா குழு, புரதமே இல்லாம, சின்னச் செப்புச் சேர்வை ஒண்டைச் செய்து அதில ஒட்சிசன் ரெண்டு செப்புக்கும் நடுவில குறுக்கால படுத்துக் கிடக்குது எண்டு காட்டினவை. 1994 இல ஒட்சிசன் பிடிச்ச ஹீமோசயனினைப் பளிங்காக்கி அதின்ர அமைப்பைப் பாத்தா அங்கயும் அப்பிடியேதான். குடுவைக்குள்ள செய்தது உயிருக்குள்ள இருக்கிறதை முன்கூட்டியே சொல்லிப்போட்டுது! அதை வாசிச்ச இரவு எனக்கு நித்திரையே வரேல்ல, அசேதன இரசாயனத்தை விட்டு வேற பக்கம் போக மனம் வராமப் போனது அண்டையில இருந்துதான்.

வாழைப்பொத்தி, கத்தரிக்காய் வெட்டினா கறுக்கிறதுக்குக் காரணமான நொதியத்திலயும் இதே ரெண்டு செப்புத்தான். நண்டில செப்புக்குப் போற வாசலைப் புரதம் அடைச்சு வைச்சிருக்கு, அதால ஒட்சிசனைக் காவுறது மட்டும்தான் வேலை, நொதியத்தில வாசல் திறந்து கிடக்கு, மரக்கறியில இருக்கிற பீனோல் எண்ட சேர்வை வந்தா ஒட்சியேற்றி விட்டிடும், அதாலதான் கறுக்கிறது. அம்மா பொத்தியை வெட்டின உடன தேசிக்காய்ப்புளி விட்ட தண்ணிக்குள்ள போடுறது அந்த நொதியத்தை மந்தமாக்கத்தான், அவவுக்கு செப்பைப் பற்றித் தெரியாது, ஆனா வைத்தியம் தெரியும்.

2022 இல 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளுகளில நண்டில இருந்து எடுத்து பிரீசரில வைச்சிருந்த என்ர புரதம் முழுக்கப் பழுதாப் போச்சு. நாலு மாச வேலை. லாப்பில இருந்து அழுதிட்டு அடுத்த கிழமை திரும்ப நண்டு வாங்கப் போனனான்.

போன மாசம் மாணவி ஒராள் நண்டு ஹீமோசயனினுக்கு, ஷம்போவில நுரைக்குப் போடுற சாமான் வகை, எஸ்.டி.எஸ், கொஞ்சம் விட்டு டோபமீனும் (அதுவும் ஒரு பீனோல்தான்) சேர்த்துப் பாத்தவ. வேற ஆக்கள் முதலே காட்டினதுதான், எண்டாலும் எங்கட கண்ணுக்கு முன்னால அடைச்ச வாசல் திறந்து கரைசல் மண்ணிறமாக, ரெண்டு பேரும் கதைக்காம பாத்துக்கொண்டு நிண்டம். படம் எடுத்து அம்மாவுக்கு வட்ஸ்அப்பில அனுப்பினன்.

"பொத்தி வெட்டின தண்ணியே?" எண்டு கேட்டா.