பதிவேட்டு ஊழியருக்குச் சம்பளம் யார் தருவது?

சென்னைப் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் படிப்படியாகக் குறைந்தது, மார்பகப் புற்றுநோய் அதை முந்திக்கொண்டு ஏறியது. இதை அடித்துச் சொல்ல முடிவதற்குக் காரணம், 1981-இல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தொடங்கிய தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம். ஒரு பகுதியில் வசிப்பவர்களில் யார் யாருக்குப் புற்றுநோய் வந்தது என்று தொடர்ந்து எண்ணி வைப்பதுதான் பதிவேடு. இந்தத் திட்டத்தின் கீழ் பம்பாய், பெங்களூர், சென்னை மூன்றிலும் 1982 முதல் கணக்கு எடுக்கிறார்கள். சென்னைப் பதிவேடு அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் இருக்கிறது. 2012-இல் தமிழக அரசும் கைகொடுத்து, மாநிலம் முழுவதற்குமான பதிவேடு வந்தது.

மருத்துவமனைகள் தாமாகத் தகவல் அனுப்பும் என்று காத்திருந்தால் பதிவேடு நிரம்பாது. ஊழியர்தான் ஒவ்வொரு இடமாகப் போக வேண்டும். பயாப்சி (திசுப் பரிசோதனை) லேப் ரிஜிஸ்டர், கதிர்வீச்சுப் பிரிவு, கேஸ் ஷீட் அறை, கடைசியாக மாநகராட்சி இறப்புப் பதிவு. முகவரி கேட்பதிலேயே சிக்கல் தொடங்கிவிடும். நகரத்தில் ஓராண்டாவது வசிப்பவர்தான் கணக்கில் வருவார். ஆந்திராவிலிருந்து சிகிச்சைக்கு வந்தவர் லாட்ஜ் முகவரியைக் கொடுத்திருப்பார். அதை அப்படியே ஏற்றினால் சென்னையின் நோய் விகிதம் பொய்யாக உயரும்.

அடுத்தது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். ஒரு லேபில் 'கே. செல்வி, 45, வியாசர்பாடி'. இன்னொரு மருத்துவமனையில் 'எம். செல்வி, 47, பெரம்பூர்'. முதல் இன்ஷியல் அப்பாவுடையது, இரண்டாவது கணவருடையது என்றால் இருவரும் ஒருவராகவே இருக்கலாம். கணினி இதை இரண்டு பேராகத்தான் எண்ணும். அப்பா பெயர், கணவர் பெயர், பழைய முகவரி, பயாப்சி எண், எந்த உறுப்பு, எந்த வகைத் திசு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும் கண் வேண்டும். அந்தக் கண் பழக ஆண்டுகள் பிடிக்கும்.

இறப்புச் சான்றிதழில் மட்டும் புற்றுநோய் என்று இருந்து, பதிவேட்டில் ஆள் இல்லையென்றால், பின்னோக்கித் தேடிப் போக வேண்டும். எங்கும் ஆவணம் அகப்படாவிட்டால்தான் 'இறப்புச் சான்றிதழ் மட்டும்' என்று பதிவார்கள். அந்த விழுக்காடு கூடினால், உயிரோடு இருக்கும்போதே பிடித்திருக்க வேண்டிய நோயாளிகள் தப்பிப்போயிருக்கிறார்கள் என்று பொருள். சான்றிதழில் 'இதயமும் மூச்சும் நின்றன' என்று மட்டும் எழுதிவிட்டால் அந்தத் தடயமும் போச்சு.

விகிதம் கணக்கிட மக்கள்தொகையும் வேண்டும், அதுவும் வயதுவாரியாக, ஆண் பெண் தனித்தனியாக. 2011-க்குப் பிறகு 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. நகர மையத்திலிருந்து புறநகருக்குக் குடிபெயர்ந்தவர்கள் ஏராளம். பழைய எண்ணிக்கையை நீட்டி மதிப்பிடும்போது, நோயாளிகளைச் சரியாக எண்ணியும் விகிதம் பிசகலாம். இதைச் சரிசெய்ய எந்த ஆராய்ச்சியாளராலும் முடியாது, அரசால் மட்டுமே முடியும்.

ஆகவே அரசு நிதியில் முதல் பங்கு சம்பளத்துக்கும் பயணப்படிக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூன்றாண்டு, ஐந்தாண்டு ஆய்வு நிதியை வைத்துப் பதிவேடு நடத்த முடியாது. போக்கு கண்ணுக்குத் தெரியவே பத்து, இருபது ஆண்டுகள் வேண்டும். ஒப்பந்த ஊழியர் விலகி ஆறு மாதம் இடம் காலியாக இருந்தால், அந்த ஆண்டின் எண்ணிக்கை சரியும். பின்னால் அட்டவணையைப் பார்ப்பவர் நோய் குறைந்ததாக நினைத்துக்கொள்வார். புதிதாக வருபவர் பழைய கேஸ் ஷீட்டுகளைத் தேடி மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும், அதற்குள் பாதி கட்டு குடோனுக்குப் போயிருக்கும்.