வால்டர் லிப்மனும் 91 என்ற எண்ணும்

அரசியல் பத்தி எழுத வருகிறவர்கள் அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் வால்டர் லிப்மன் பெயரைக் கேட்டதும் 1931இல் நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூனில் அவர் தொடங்கிய பத்தியைத் தேடிப் போகிறார்கள். அதற்கும் முன்னால் படிக்க வேண்டியது, 1920இல் அவரும் சார்லஸ் மெர்ஸ் என்ற பத்திரிகையாளரும் செய்த ஆய்வு. ரஷ்யப் புரட்சியைப் பற்றி நியூயார்க் டைம்ஸில் மூன்று ஆண்டுகள் வந்த செய்திகளை இதழ் இதழாக எடுத்து எண்ணினார்கள். சோவியத் ஆட்சி இதோ கவிழப்போகிறது என்ற சேதி மட்டும் 91 முறை! நிருபர்கள் வேண்டுமென்று புளுகவில்லை, ஆசைப்பட்டதையே செய்தியாகப் பார்த்தார்கள் என்பது அவர்களுடைய முடிவு.

இந்த எண்ணும் வேலையை உங்கள் எழுத்துக்கும் செய்யலாம். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: என்ன கணித்தோம், யார் சொல்லிக் கேட்டோம், எந்தத் தேதிக்குள் நடக்க வேண்டும். பலரும் காலியாக விடுவது மூன்றாவதைத்தான். ‘விரைவில் கூட்டணி உடையும்’ என்று எழுதினால் அது ஒருநாளும் பொய்க்காது; கெடு இல்லையே. தேர்தல் முடிந்ததும் இரண்டாவது கட்டத்தைப் பாருங்கள். தவறிய கணிப்புகளில் ஒரே ஆளின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அவர் உங்களுக்குச் செய்தி தரவில்லை, உங்களை வைத்துச் செய்தி பரப்புகிறார்.

லிப்மனே இதில் சறுக்கினார். ஜப்பானோடு போர் நடந்துகொண்டிருந்தபோது, 1942 பிப்ரவரி 12 பத்தியில், அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் நாசவேலை எதுவும் நடக்காததையே பெரிய தாக்குதலுக்கு ஆள் காத்திருப்பதன் அடையாளமாக எழுதினார். நடந்தாலும் சான்று, நடக்காவிட்டாலும் சான்று என்றால் எதைக் காட்டி மறுப்பது? அந்த வாதம் ராணுவமும் மாநில அதிகாரிகளும் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே வாரத்தில், மக்களை ராணுவம் வெளியேற்ற வழிவிட்ட அதிபர் ரூஸ்வெல்ட்டின் 9066ஆம் ஆணை வந்தது. ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் தடுப்பு முகாம்களுக்குப் போனார்கள். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அந்த ஒரு பத்திதான் காரணம் என்பது மிகை. ஆனால் நாடெங்கும் பல நாளிதழ்களில் வரும் பத்தி, அதுவும் நிதானத்துக்குப் பேர்போனவர் எழுதியது.

1961இல் கென்னடியின் பதவியேற்பு உரை வரைவைப் பார்த்து, ‘எதிரி’ என்பதை ‘எதிர்த்தரப்பு’ என்று மாற்றச் சொன்னவரும் அவரே. சொல் நல்ல சொல்தான். அதற்குப் பிறகு அந்த உரையை எடைபோடும் தகுதி அவருக்கு இருந்ததா என்பது வேறு விஷயம்.