பட்டவராயன் நடக்கிற காடு

எங்கள் குலசாமி இருப்பது புலிகள் காப்பகத்துக்குள். திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசத்தில் பாபநாசநாதரைக் கும்பிட்டுவிட்டு மலையேறி, முண்டந்துறையைத் தாண்டினால் காரையாற்றங்கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில். களக்காடு, முண்டந்துறை சரணாலயங்களைச் சேர்த்து 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக்கினார்கள். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே எங்கள் ஆட்கள் பொங்கல் பானையும் அரிசியுமாக இந்தக் காட்டுக்குள் நடந்துவந்து சாமி கும்பிட்டிருக்கிறார்கள்.

இந்தத் தடவை திருவிழாக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து அம்மாவை அழைத்துப் போனேன். செக்போஸ்ட்டில் பைகளைத் திறந்து பார்த்து, பிளாஸ்டிக் இருக்கிறதா என்று கேட்டுத்தான் விட்டார்கள். மேலே போகப் போகக் காற்றே குளிர்ந்தது. ஒரு வளைவில் மிளா மான் ஒன்று சாலையோரம் நின்று எங்களைப் பார்த்தது. டிரைவர் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். அது கடந்து போனதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அய்யனாரைத் தரிசித்துவிட்டு, பரிவார தெய்வங்களைச் சுற்றி வந்தோம். சங்கிலி பூதத்தார், பிரம்மராட்சசி, தூசி மாடன் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். நேர்ந்துகொண்டவர்கள் கட்டிய மணிகளைத் தன் பட்டைக்குள் இழுத்துக்கொள்கிற மணிவிழுங்கி மரத்தையும் தொட்டுக் கும்பிட்டோம். ஆனால் எனக்கு எப்போதும் கால் நின்றுவிடுவது பட்டவராயன் சன்னிதியில்தான். அங்கே காணிக்கை செருப்பு. புதுத் தோல் செருப்புகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள்.

வில்லுப்பாட்டில் கேட்ட கதை அது. பட்டவராயனாகிச் சாமியான முத்துப்பட்டன் பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியக் குலப் பெண்களை விரும்பி, அவர்களுக்காகப் பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கப் பழகியவன். மாமனாரின் மாட்டுக் கிடையைக் காக்கப் போய், கள்வர்களோடு சண்டையிட்டு இந்தக் காட்டில்தான் உயிரை விட்டான். மனைவியர் இருவரும் அவனோடு தீப்பாய்ந்தார்கள். காணிக்கையாக வைத்த செருப்புகள் தேய்ந்து போவதைக் காட்டி, “ராத்திரி பட்டவராயன் காவலுக்குப் போய்வாறாரு” என்பாள் அம்மா. நானும் அதை நம்புகிறேன். சாமி காவல் சுற்றுகிற காட்டில் நம் காலடி எப்படி இருக்க வேண்டும் என்பதும் அந்த நம்பிக்கையிலேயே அடங்கியிருக்கிறது.

அதனால்தான் ஆற்றில் துணியை விடுகிற வழக்கம் என்னை வருத்துகிறது. குளித்துவிட்டு உடுத்திய துணியை விட்டால் பாவம் போகும் என்று பாபநாசத்திலிருந்து இங்கே வரை விடுகிறார்கள். துணி எங்கேயும் போவதில்லை. பாறையிடுக்கில் சிக்கிக் கிடக்கிறது. இதே தண்ணீர்தான் தாமிரபரணியாக இறங்கி, நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீராகி, புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. மீனும் நீர்நாயும் வாழ்கிற ஆறு இது. நம் பாவத்தை அவற்றின் வீட்டில் இறக்கி வைப்பதை அய்யனார் ஏற்பாரா?

ஆடி அமாவாசைக்குக் குடில் போட்டுத் தங்குவது எங்கள் பக்கத்தில் பெரிய சந்தோஷம். முன்பெல்லாம் சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் வந்து அமர்வதைப் பார்க்கவே ஜனம் திரளும். கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020-ல் காலமானார். இப்போது தங்கும் நாட்களைக் குறைத்து, சொந்த வண்டிகளை நிறுத்தி, அரசுப் பேருந்தில் போகச் சொல்லும்போது உறவினர் பலருக்குக் கோபம் வருகிறது. குலசாமியைப் பார்க்க யார் அனுமதி வேண்டும் என்கிறார்கள். அந்த வலி எனக்குப் புரிகிறது. என்றாலும், மாலை போட்டால் எத்தனையோ கட்டுப்பாடுகளை மனமார ஏற்கிறோமே, இதையும் விரதத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே என் எண்ணம்.

அடுத்த ஆடிக்குப் போகிறவர்கள் எவர்சில்வர் தூக்கில் சோறு கட்டிக்கொள்ளுங்கள். மாற்றிய ஈரத்துணிக்கு ஒரு மஞ்சப்பை வைத்துக்கொள்ளுங்கள். குரங்குக்குப் பழம் போடாதீர்கள். காட்டில் அதற்கு வேண்டியது இருக்கிறது. பொழுது சாயும் முன் மலையிறங்கிவிடுங்கள்.